ஏழு பத்து பஸ்ஸும் எட்டு ஐம்பது பஸ்ஸும்

காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தினமும் வகுப்பு வாசலில் நிற்க வைத்தேன். ஒன்பதே காலுக்கு மணி அடிக்கும். அவள் வந்து சேர ஒன்பது முப்பத்தைந்து ஆகிவிடும். "ஏம்மா, உனக்கு மட்டும் தினம் லேட்டா?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். செருப்பெல்லாம் செம்மண். காலாண்டுத் தேர்வில் தமிழில் 70க்கு மேல் வாங்கியவள் கணக்கில் 19. சரி, இதற்குக் கணக்கு வராது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அவள் அம்மா வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடை. அங்கே இலவச பஸ் பாஸ் செல்லும் டவுன் பஸ் ஏழு பத்துக்கு ஒன்று, எட்டு ஐம்பதுக்கு ஒன்று. நடுவில் எதுவும் கிடையாது. ஏழு பத்தைப் பிடிப்பதென்றால் வெறும் வயிறு. எட்டு ஐம்பதைப் பிடித்தால் என் வகுப்பு வாசல்.

முதல் பீரியடில் கணக்கைப் போட்டது நாங்கள்தான், காலையில் மூளை தெளிவாக இருக்குமென்று. தினம் 20 நிமிடம் போனால் 200 நாளில் 4000 நிமிடம். 45 நிமிடப் பாடவேளையாகப் பார்த்தால் கிட்டத்தட்ட 89. அத்தனையும் ஒரே பாடத்திலிருந்து போகும். லேட்டாக வருகிற பிள்ளை எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இழப்பதில்லை. முதல் பீரியடில் எது இருக்கிறதோ அதை மொத்தமாக இழக்கிறது. மற்ற பாடங்களில் நல்ல மார்க் வருவதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்ட விதி. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். தூரம் அதற்கப்புறம்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. விலையில்லா சைக்கிள் கைக்கு வருவது பதினொன்றாம் வகுப்பில். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை. ஆக, ஒன்பதும் பத்தும் படிக்கிற பிள்ளை சைக்கிளும் இல்லாமல் காலைச் சோறும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே உபரித் தண்ணீர் பாய்ந்தால், சுற்றிப் போக வேண்டியதில் ஒன்றரை கிலோமீட்டர் பாதை மூன்றாகிவிடும்.

"டீச்சர், புள்ள ராத்திரி பதினோரு மணி வரைக்கும் புக்கும் கையுமாத்தான் இருக்கு, மார்க்குதான் வரமாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. உண்மைதான். ஆறு மணிக்கு வீடு திரும்பி, தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவி, எட்டரைக்கு உட்காருகிறாள். காலை ஐந்துக்கு எழுந்தாக வேண்டும். தூக்கம் ஆறு மணி நேரம். 13 வயது முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தேவை என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். இந்தக் கணக்கில் "இன்னும் ஒரு மணி நேரம் படி" என்று நாம் சொல்வது எங்கிருந்து எடுக்கச் சொல்லி?

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரே தேற்றத்தை நான்கு முறை அழகாக எழுதியிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டு முதல் வரியைச் சொல்லச் சொன்னேன். வரவில்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வீட்டில் ராத்திரி ஒப்பிக்கிற பிள்ளை பரீட்சை ஹாலில் முழிப்பது இதனால்தான். நேரம் குறைவான பஸ் பிள்ளைக்கு இது நல்ல சேதியும்கூட. மூடிவைத்து எழுதிப் பார்க்க அரை மணி போதும். காலையில் நடத்தியதை பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஓடுகிற பஸ்ஸில் புத்தகம் விரிக்க வேண்டாம், தலைதான் சுற்றும்.

படிக்க இடம் என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் ஊர்களில் முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாகத் தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கிற பெரிய செட்டிநாட்டு வீடுகளில் பல, ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துப் பையன் என் வகுப்பில் படித்தான். ஒருநாள் போனேன். கணக்கில்லாத அறைகள், எல்லாம் பூட்டு. பின்கட்டில் ஓர் அறையில் அப்பா, அம்மா, அப்பத்தா, டிவி, அவன். முதலாளிக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். முகப்புத் திண்ணையில் ஒரு பல்பு எரிய அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான் செலவு. மாசி, பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா பொதுத்தேர்வோடு சேர்ந்துதான் வரும்; அதற்கு மைக் செட்காரர்களிடம்தான் பேச வேண்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரம்பு இருப்பதைச் சொன்னால் சிலர் கேட்கிறார்கள், சிலர் சாமி காரியம் என்கிறார்கள்.

அந்த அரையாண்டுக்கு முன்பே கணக்கை மூன்றாவது பீரியடுக்கு மாற்றினோம். முதல் பீரியடை வாரம் முழுக்க ஒரே பாடமாக வைக்காமல் சுற்றி விட்டோம். அவளை வாசலில் நிற்க வைப்பதை நான் விட்டேன். அரையாண்டில் கணக்கில் 41. சாதனை ஒன்றுமில்லை, பாஸ். ஜூன் மாதம் அட்மிஷன் நடக்கும்போது பெயர், விலாசத்தோடு "எந்த பஸ், எத்தனை மணி, வீட்டில் எங்கே உட்கார்ந்து படிக்கும்" என்று கேட்டு வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். பெற்றோர்களும் கேட்காமலே சொல்லிவிடலாம், தப்பில்லை.

பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு மனுவும் கொடுத்தோம். எட்டு ஐம்பது பஸ் இன்னும் எட்டு ஐம்பதுக்குத்தான் வருகிறது.