இலக்கத்தை எழுதலாம், தரவை அள்ளலாமா?

கொழும்புக் கோயில்களுக்கு ஒரு பட்டியல் தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்கு நேரே, விக்கித்தரவு என்னும் திறந்த தரவுத்தளத்தில் அதற்குள்ள 'கியூ' (Q) அடையாள இலக்கத்தை எழுதுகிறீர்கள். அடுத்த நிரலில், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதற்குள்ள இலக்கம். இனி உங்கள் பட்டியல் யாருடைய உரிமத்துக்குக் கட்டுப்படும்?

இரண்டு இலக்கம் எழுதியதற்காக யாருக்கும் கட்டுப்படாது. பொது நூலகத்தில் ஒரு புத்தகம் எந்த இறாக்கையில் இருக்கிறது என்று நண்பருக்குச் சொல்வது புத்தகத்தைப் போட்டோக்கொப்பி எடுப்பதாகாதே. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் வெறும் தரவுக்குப் பதிப்புரிமை தருவதில்லை. தெரிவிலோ ஒழுங்கமைப்பிலோ சொந்த ஆக்கம் இருந்தால்தான் தொகுப்புக்குப் பாதுகாப்பு. ஐரோப்பாவில் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டுத் தரவுத்தளப் பணிப்புரையின்படி, தரவைத் திரட்டுவதற்குக் கணிசமாகச் செலவழித்தவருக்கு 15 ஆண்டுத் தனி உரிமை உண்டு.

சிக்கல், இலக்கத்தின் வழியே உள்ளே போய்த் தரவை அள்ளும்போதுதான். விக்கித்தரவு சீசீ-0, அதாவது உரிமைகளை விட்டுக்கொடுக்கும் அறிவிப்பு: எடுக்கலாம், மூலத்தின் பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 முதல் ஓடிபிஎல் என்னும் திறந்த தரவுத்தள உரிமத்தில் இருக்கிறது: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், அதிலிருந்து பிறந்த தரவுத்தளத்தை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். ஆகவே அங்குள்ள அமைவிடப் புள்ளிகளை மொத்தமாக விக்கித்தரவுக்குள் கொட்ட முடியாது. மறுதிசையில், விக்கித்தரவிலிருந்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு எடுப்பதிலும் தயக்கம் உண்டு. சீசீ-0 சீட்டு ஒட்டியிருந்தாலும் அந்தப் புள்ளி வேறொரு வணிக வரைபடத்தைப் பார்த்து இட்டதாக இருக்கலாம். சீட்டு ஒட்டியவருக்கே உரிமை இல்லாதபோது சீட்டால் என்ன பயன்?

இன்னும் நுணுக்கமான இடம் ஒன்று. ஒரு கோயிலின் இரண்டு இலக்கங்களையும் நீங்களே பார்த்து இணைத்தால் அது உங்கள் உழைப்பு. ஆயிரக்கணக்கான புள்ளிகளை இறக்கி, தூரத்தை ஒப்பிட்டு, கணினியே இணைகளைக் கண்டுபிடித்தால்? அந்த இணைப்புப் பட்டியலே ஓடிபிஎல் தரவிலிருந்து பிறந்தது என்று வாதிட இடமுண்டு. நான் அந்தப் பட்டியலை ஓடிபிஎல்லிலேயே வெளியிட்டுவிடுவேன். வழக்காடுவதைவிட அது மலிவு. நூறுக்கும் குறைவான பொருள்களை எடுப்பதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்தின் வழிகாட்டல் கணிசமானதாகக் கருதுவதில்லை. சிறு பட்டியல்காரர்கள் மூச்சுவிடலாம்.

உரிமத்தோடு சேராத ஒரு தொல்லையும் உண்டு. வரைபடத்தில் புள்ளியாக இருந்த கோயிலை யாராவது கட்டட வடிவமாக மீண்டும் வரைந்தால் அதன் இலக்கம் மாறிவிடலாம். கியூ இலக்கம் அவ்வளவு எளிதில் மாறாது. அதனால்தான் பலரும் வரைபடப் பதிவுக்குள் கியூ இலக்கத்தை எழுதிவைக்கிறார்கள்.