கூலன்ட்: குளிரூட்டியா, சூடாற்றியா?

"கூலன்ட் ஆயில் குறைஞ்சிருக்கு" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் அதைச் சரிசெய்துவிடலாம். கார் இன்ஜினின் சூட்டை எடுத்துப் போக அதற்குள் ஓடும் திரவம்தான் கூலன்ட். அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் (glycol) என்ற ஆல்கஹால் வகைத் திரவமும் தண்ணீரும், துருவைத் தடுக்கும் சில வேதிப்பொருள்களும் சேர்ந்த கலவை அது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வதும் இப்படித்தான். பெரும்பாலான கார்களில் அது கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். பெயரை நம்பி அதில் நிஜ எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அதனால்தான் இந்தச் சொற்களை இவ்வளவு துருவிப் பார்க்கிறேன்.

கூலன்ட் ஆங்கிலச் சொல். 'கூல்' பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. 'அன்ட்' என்ற விகுதி லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒரு வேலையைச் செய்யும் பொருளைக் குறிக்கும். லூப்ரிகன்ட் என்பதன் வாலிலும் அதே விகுதிதான். கார் மட்டும் இந்தச் சொல்லுக்குச் சொந்தம் கொண்டாட முடியாது. லேத்தில் இரும்பைக் கடையும்போது வெட்டுமுனையில் ஊற்றும் பால்நிறத் திரவமும் கூலன்ட், சில அணு உலைகளில் ஓடும் உருகிய சோடியமும் கூலன்ட்.

கிளைக்கால் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. எத்திலீன் கிளைக்காலை 1856இல் முதலில் தயாரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் அடால்ஃப் வூர்ட்ஸ். கிளிசரின், ஆல்கஹால் இரண்டின் குணமும் அதில் தெரிந்ததால் இரண்டு பெயர்களையும் ஒட்டிப் பெயர் வைத்தார். கிளிசரினின் வேர் 'இனிப்பு' என்ற கிரேக்கச் சொல். இந்தத் திரவமும் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் கேனை வைக்கவே கூடாது.

வெறும் தண்ணீர் 0 டிகிரியில் உறையும், 100இல் கொதிக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் சேர்த்தால் உறைநிலை ஏறக்குறைய மைனஸ் 37க்கு இறங்கும், கொதிநிலையும் சில டிகிரி கூடும். ரேடியேட்டர் மூடி தாங்கிப்பிடிக்கும் அழுத்தத்தில் அது இன்னும் மேலே போகும். ஆக, உறையாமல் காப்பதும் கொதிக்காமல் காப்பதும் ஒரே திரவம்தான். 'கூல்' என்ற சொல்லில் இதில் பாதிகூட வெளிப்படவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? குளிரூட்டி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏ.சி.க்கு அந்தப் பெயர் எப்போதோ போய்விட்டது. காரில் ஏ.சி.யும் இருக்கிறதே, அதற்குள் ஓடும் வாயுவும் வேறு இருக்கிறது; குழப்பம்தான் மிஞ்சும். இன்னொன்று, பாலூட்டுவது போலக் குளிரை யாரும் இன்ஜினுக்கு ஊட்டுவதில்லை. நடப்பது சூட்டை எடுத்துப் போவது மட்டுமே. குளிர்விப்பான் பரவாயில்லை, பிறவினையிலிருந்து முறையாகப் பிறந்த சொல். ஆனாலும் நன்றாக ஓடும் இன்ஜினில் இந்தத் திரவம் 90 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதைக் குளிர் என்று எப்படிச் சொல்வது?

இதற்கென்றே தமிழில் ஒரு வினை இருக்கிறது: ஆற்று. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை. சூடான பாலை ஆற்றுகிறோம். அது ஜில்லென்று ஆவதற்காக அல்ல, தாங்கும் சூட்டுக்கு வருவதற்காக. கூலன்ட் இன்ஜினுக்குச் செய்வது அச்சு அசலாக அதைத்தான். எனவே சூடாற்றி என்பது என் தேர்வு. வெப்பமாற்றி என்றும் சொல்லலாம்தான், ஆனால் சேர்த்து எழுதும்போது வெப்பம் + ஆற்றியா, வெப்ப + மாற்றியா என்று தெரியாது. உறையாமல் காக்கும் குணத்தை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் உறைதடுப்பி பொருந்தும்.

பேச்சில் இந்த வினை ஏற்கெனவே இருக்கிறது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விழும்; அதுவரை அடங்கியிருந்த திரவம் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிடும். மூடிமேல் கை வைக்கப் போகிறவரைப் பார்த்து மெக்கானிக் குளிரட்டும் என்று சொல்ல மாட்டார். "கையை எடுங்க, இன்ஜின் ஆறட்டும்" என்றுதான் கத்துவார்.