பிரிப்பா, ஒதுக்கலா, விலக்கா? 'செக்ரிகேஷன்' என்ற சொல்லுக்குத் தமிழ்

'பாலின ஒதுக்கல் கடைப்பிடிக்கும் பள்ளிவாசலுக்குப் பிரதமர் விஜயம்.' இந்த வாய்ப்பாட்டில் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. நாடு மாறும், தலைவர் மாறுவார், பள்ளிவாசல் இருக்கும் இடத்தில் யூதர்களின் தொழுகைக் கூடம் வரும். 'பாலின ஒதுக்கல்' மட்டும் மாறுவதில்லை. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைப்பதைக் குறிக்கும் 'ஜென்டர் செக்ரிகேஷன்' என்பதற்கு இதுதான் தமிழ் என்று முடிவாகிவிட்டது போலிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த தமிழனாக இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒதுக்கல் என்றால் என்னவென்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடலாம். அது லத்தீன். 'கிரெக்ஸ்' என்றால் மந்தை, 'சே' என்றால் தனியே. மந்தையிலிருந்து ஒன்றைத் தனியே எடுப்பதுதான் வேர்ப்பொருள். கூடி வழிபடும் சபையைக் குறிக்கும் 'காங்கிரிகேஷன்' என்ற சொல்லும் அதே மந்தையிலிருந்து வந்ததுதான். மக்களை இனவாரியாகப் பிரித்து வைப்பது என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டில்தான் அழுத்தம் பெற்றது. அதற்கு அமெரிக்காவின் தென் மாநிலங்களும் எங்கள் நாடும்தான் முக்கியக் காரணம். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தமிழுக்கு வருவோம். 'ஒதுக்கு' என்ற வினைக்கு இரண்டு முகம் உண்டு. ஒருவருக்காக எடுத்து வைப்பது ஒன்று: இட ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு. ஒருவரை வேண்டாம் என்று தள்ளி வைப்பது மற்றொன்று: ஊரை விட்டு ஒதுக்கி வைத்தார்கள், சொந்தக்காரர்களே ஒதுக்கிவிட்டார்கள். 'ஈடு' சேர்ந்தால் முதல் பொருள், 'அல்' சேர்ந்தால் இரண்டாவது பொருள் என்று வழக்கு தானாகவே பிரித்துக்கொண்டது. அதனால்தான் எங்கள் நாட்டு வெள்ளையர் ஆட்சி மக்களை இனவாரியாகப் பிரித்து வைத்த முறைக்குப் பெயரான 'அபார்ட்ஹைட்' என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல்லை 'இன ஒதுக்கல்' என்று தமிழாக்கினார்கள். நல்ல தமிழாக்கம். மூலச்சொல்லில் 'தனித்திருக்கும் நிலை' என்ற மழுப்பல்தான் இருக்கிறது; தமிழ்ச்சொல்லோ நடந்ததைச் சொல்கிறது.

என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. 1948 தேர்தலில் அபார்ட்ஹைட்டைக் கொள்கையாகக் கொண்ட தேசியக் கட்சி வென்றது. 1950இல், எந்த இனத்தார் எங்கே வாழலாம் என்று வரையறுத்த குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. டர்பனின் கேட்டோ மேனரில் வீடு கட்டி, காய்கறித் தோட்டம் போட்டு வாழ்ந்த எங்கள் குடும்பங்கள் இந்தியருக்கென்று வகுத்த சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்டன. கோயில்களைப் பெயர்க்க முடியவில்லை, அவை கேட்டோ மேனரிலேயே நின்றன. ஆள் ஓரிடம், சாமி ஓரிடம். 1953இல் இன்னொன்று நடந்தது, அதை அதிகம் பேர் அறியமாட்டார்கள். கேப் டவுன் ரயில் நிலையத்தில் வெள்ளையருக்கான காத்திருப்பு அறையில் நுழைந்ததற்காக ஒரு கறுப்பின மனிதர்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். கறுப்பினத்தவருக்கு விட்டிருந்த அறை தரத்தில் மிகத் தாழ்ந்தது, ஆகவே இப்படிப் பிரித்தது செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அரசு என்ன செய்தது? அறையைச் சரிசெய்யவில்லை. தனித்தனி வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்று அதே ஆண்டில் தனி வசதிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் 1990 வரை இருந்தது. கடற்கரை, பூங்கா பெஞ்சு, அஞ்சலகக் கவுன்ட்டர், எல்லாம் அதன்படிதான்.

ஆக, ஒதுக்கலுக்கு மூன்று அடையாளம் இருக்கிறது. அதிகாரம் உள்ளவன் செய்வது, ஒதுக்கப்பட்டவனைக் கேட்காமல் செய்வது, தாழ்ந்ததைக் கொடுத்துவிட்டு அதுவே உனக்குப் போதும் என்பது.

இதை வைத்துக்கொண்டு அந்தச் செய்திகளைப் பாருங்கள். 2016 பிப்ரவரியில் ஒபாமா பால்டிமோர் பள்ளிவாசலுக்குப் போனார். பெண்களைத் தனியாக வைக்கும் இடத்துக்கு அதிபர் போகலாமா என்று கேட்டவர்களில் முஸ்லிம் பெண்களே இருந்தார்கள். அதே ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளன்று கனடாவில் ட்ரூடோ ஒட்டாவா பள்ளிவாசலில் பேசினார். கீழ்த்தளத்தில் ஆண்கள், மேல்மாடத்தில் பெண்கள். பெண்ணுரிமை பேசும் பிரதமர் அங்கே நிற்கலாமா என்று விவாதம் எழுந்தது. 2018 ஜனவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ் ஜெருசலேமில் யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவருக்குப் போனபோது பெண் நிருபர்களை ஆண்களுக்குப் பின்னால் நிறுத்தினார்கள்; கண்ணெதிரே நடப்பதைப் பார்க்க முடியவில்லை என்று அவர்கள் கொதித்தார்கள்.

மூன்றும் ஒன்றா? ஒட்டாவாவில் தொழவந்த பெண்கள் தங்கள் சமயத்தின் ஒழுங்கென்று மேலே போய் உட்கார்ந்தார்கள். அந்த ஒழுங்கு சரியா என்று கேட்கலாம், அது வேறு. ஜெருசலேமில் வேலை செய்ய வந்த நிருபர்களை, அவர்கள் விரும்பாமல், வேலை செய்ய முடியாத இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டாவதைத்தான் நான் ஒதுக்கல் என்பேன். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

நம் கோயிலையே எடுத்துக்கொள்வோம். இங்கே எத்தனையோ ஆலயங்களில் பூசை நேரத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். நாட்டாலில் ஷெம்பே என்ற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ சபையின் வழிபாட்டுக்குப் போனால் எல்லாரும் வெள்ளை உடுத்திச் செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்கள் தனியே, மணமான பெண்கள் தனியே, கன்னிப்பெண்கள் தனியே அமர்வார்கள். தேர்தல் நெருங்கினால் எந்தக் கட்சித் தலைவரும் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றாமல் இருப்பதில்லை. மண்டேலா 1994 மே மாதத்தில் கேப் டவுனில் யூதர்களின் வைதீகத் தொழுகைக் கூடத்துக்குப் போனார். அங்கேயும் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காருவதில்லை. 2024 பிரிட்டன் தேர்தலுக்குச் சில நாள் முன்பு அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் லண்டன் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயிலுக்குப் போனார். அந்த மரபிலும் சபையில் ஆண் பெண் தனித்தனிதான். அந்தச் செய்திக்கு யாரும் 'பாலின ஒதுக்கல்' என்று எழுதி என் கண்ணில் படவில்லை. பள்ளிவாசல் என்றால் ஒதுக்கல், கோயில் என்றால் மரபு என்று எழுதுகிற பழக்கம் சொல்லாராய்ச்சியில் மட்டும் பிழையில்லை, நேர்மையிலும் பிழை.

இலக்கணத்திலும் ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. ஒதுங்கு, ஒதுக்கு. விலகு, விலக்கு. பிரிந்தார், பிரித்தார். இந்தப் பொருளில் வரும் நம் வினைகள் எல்லாம் இரட்டையாகவே இருக்கின்றன. தானாகச் செய்தானா, பிறர் செய்தார்களா என்று தமிழ் கேட்காமல் விடுவதில்லை. மழைக்கு ஒதுங்கினவனை ஊர் ஒதுக்கியது என்று சொன்னால் குழந்தைகூடத் திருத்தும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அந்தக் கேள்வியே இல்லை. 'செக்ரிகேஷன்' யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பவர் தமிழின் இந்தக் கூர்மையைப் பயன்படுத்தாமல், எல்லா இடத்திலும் பிறவினையை எடுத்துப் போட்டுவிடுகிறார். அதோடு தீர்ப்பும் சொல்லியாயிற்று.

போட்டிக்கு வரும் சொற்களும் சில உண்டு. ஒன்று 'பாலினத் தீண்டாமை'. இது சபரிமலைத் தீர்ப்புக்குப் பிறகு பெருகியது. 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்து முதல் ஐம்பது வயதுவரையுள்ள பெண்களைத் தடுத்த வழக்கத்தை நீக்கியது. நீதிபதி சந்திரசூட் தம் தீர்ப்பில் அந்தத் தடையைத் தீண்டாமையின் வடிவம் என்றே சொன்னார். தனித்து நின்ற நீதிபதி இந்து மல்ஹோத்ரா, அரசியல் சட்டத்தில் தீண்டாமை என்பது சாதியைப் பற்றியது, அதை இங்கே நீட்ட முடியாது என்றார். சட்டத்தில் யார் சரி என்பதை விட்டுவிடுகிறேன். சொல்லில் மல்ஹோத்ராதான் சரி. கிணற்றில் தண்ணீர் எடுக்கவிடாமல், தெருவில் நடக்கவிடாமல், நிழல் பட்டாலும் குற்றம் என்று தலைமுறை தலைமுறையாக மனிதரை வதைத்த கொடுமைக்குத் தமிழ் கொடுத்த பெயர் தீண்டாமை. அதை இரவல் வாங்கி இன்னொன்றுக்கு ஒட்டினால் இரவல் கொடுத்தவருக்கும் நட்டம், வாங்கினவருக்கும் நட்டம். மாதவிலக்கை வைத்து ஒருவரைத் தள்ளினால் அதற்குத் 'தீட்டு' என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே சொல்லிக் கண்டிக்கலாம்.

இன்னொன்று என்னை மிகவும் வருத்துவது: 'பாலின நிறவெறி'. தாலிபான் ஆட்சியைப் பற்றிய கட்டுரைகளில் வருகிறது. 'அபார்ட்ஹைட்' என்றால் நிறவெறி என்று அகராதியில் இருக்கிறது, முன்னால் 'பாலின' சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆப்கன் பெண்ணுக்கும் ஆப்கன் ஆணுக்கும் நடுவே நிறம் எங்கே வந்தது? போகட்டும், அபார்ட்ஹைட்டுக்கே நிறவெறி என்பது பொருத்தமில்லை. வெறி என்பது மனத்தில் இருப்பது. அபார்ட்ஹைட் சட்டப் புத்தகத்தில் இருந்தது. வெறியே இல்லாத, மிகவும் பணிவான வெள்ளைக் குமாஸ்தாகூட எங்களைத் தப்பான வரிசையில் நின்றதற்காக அனுப்ப முடிந்தது, அனுப்பத்தான் வேண்டியிருந்தது. அதுதான் அதன் பயங்கரம். வெறி என்று எழுதினால் நாலு கெட்டவர்களின் குணக்கேடு போல் ஆகிவிடுகிறது. ஆப்கானிஸ்தானில் 2021க்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியை மூடியதும் வேலையிலிருந்து துரத்தியதும் அரசாணையால். அங்கே 'பெண்ணொதுக்கல்' என்று தயங்காமல் எழுதுங்கள். அதற்குத்தான் அந்தச் சொல் வேண்டும் என்கிறேன். ஒட்டாவா மேல்மாடத்துக்கும் அதையே செலவழித்துவிட்டால் காபூலுக்கு எதை எடுப்பீர்கள்?

சரி, 'பிரிப்பு' என்று மென்மையாகச் சொன்னால் அநியாயத்துக்குப் பூச்சு பூசுவதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் நாட்டு ஆட்சியாளர்களும் 'தனி வளர்ச்சி' என்று அழகாகத்தான் பெயர் வைத்தார்கள். பிரிப்பு என்றாலே குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. பர்மிங்காமில் அல்-ஹிஜ்ரா என்ற இஸ்லாமியப் பள்ளியில் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் முழுக்கத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். 2017இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. இரு பக்கமும் ஒரே தரமாக இருந்தாலும், பழகும் வாய்ப்பைப் பிள்ளை இழக்கிறதே என்பது அதன் வாதம். பிரிப்பு என்ற சொல் அந்தத் தீர்ப்பைச் சொல்லத் தடையாக இல்லை. 'இந்தப் பிரிப்பு தவறு' என்று எழுத முடிகிறது. ஒதுக்கல் என்று தொடங்கினால் அந்த வாக்கியமே எழுத வேண்டியிருக்காது, வாதமும் வேண்டியிருக்காது. வாதம் வேண்டும்.

கேப் டவுன் கிளேர்மாண்ட் பள்ளிவாசலில் 1994 ஆகஸ்டில் அமினா வதூத் என்ற அறிஞர் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசினார். அன்று மேல்தளத்திலிருந்த பெண்கள் இறங்கி, ஆண்கள் தொழும் முதன்மைக் கூடத்துக்கே வந்தார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. அதை எப்படித் தமிழில் எழுதுவது? பிரிப்பு நீங்கவில்லை, அதே கூடத்தில் பெண்களுக்குத் தனிப் பக்கம் இருந்தது. ஆனால் மேல் கீழ் என்ற வேறுபாடு போயிற்று. பிரிப்பு, ஒதுக்கல் என்ற இரண்டு சொல்லும் கையில் இருந்தால்தான் நடந்த மாற்றத்தையே சொல்ல முடியும்.

மூன்றாவது சொல் விலக்கு. ஆளையே உள்ளே விடாதது. கிரேக்க நாட்டில் கிறிஸ்தவத் துறவி மடங்கள் நிறைந்த ஆதோஸ் மலையில் பெண்களுக்கு அனுமதியே இல்லை. புதின் அங்கே 2005லும் 2016லும் போனார். அங்கே ஆண் பெண் இருக்கையைப் பற்றிப் பேச இடமே இல்லை. அதைப் போய்ப் 'பாலின ஒதுக்கல் உள்ள மடம்' என்று எழுதினால் பெண்கள் எங்கோ பின்வரிசையில் இருக்கிறார்கள் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். எங்கள் நாட்டிலும் பெண்களுக்குத் தொழ இடமே விடாத பள்ளிவாசல்கள் பல உண்டு. அவற்றுக்கும் 'விலக்கு'தான் சொல்.

பொதுச்சொல்லாக என்ன வைக்கலாம்? 'பால்' என்றாலே பகுதி, பக்கம். அறத்துப்பால், வடபால் எல்லாம் அந்தப் பொருளில்தான். மார்கழியில் பாடும் திருப்பள்ளியெழுச்சியில் 'இன்னிசை வீணையர் யாழினர் ஒருபால்' என்று தொடங்கி, தோத்திரம் சொல்பவர் ஒருபால், தொழுகையர் அழுகையர் ஒருபால் என்று ஒரே சன்னதியில் பலர் தனித்தனியே நிற்கிறார்கள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. ஆனாலும் 'பால்பிரிப்பு' என்று எழுதினால் கறக்கும் பாலோடு மயங்கும். ஆகவே 'ஆண் பெண் பிரிப்பு' என்பதே என் தேர்வு. 'பாலின' என்ற கனமும் வேண்டாம். எந்தக் கிழவிக்கும் புரியும்.

மொழிபெயர்க்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்பேன். ஆங்கில வரியில் ஒரு பெயர்ச்சொல் வந்தால் தமிழிலும் ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? யார், எங்கே, யாரை என்று வினையாக அவிழ்த்து எழுதினால் பாதிச் சிக்கல் தீரும். அப்புறம் அந்த 'விஜயம்'. அது வெற்றி என்ற வடசொல். மன்னன் படையோடு போனால் திக்விஜயம். ஓட்டுக் கேட்கப் பள்ளிவாசலுக்குப் போகிற அமைச்சர் எதை வென்றார்? 'போனார்' என்று எழுதக் கூச்சமாக இருந்தால் 'சென்றார்' என்று எழுதலாம். அந்தக் கனடாச் செய்தியை நான் எழுதியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பேன்: 'ஒட்டாவா பள்ளிவாசலுக்குச் சென்ற பிரதமர் ட்ரூடோ கீழ்த்தளத்தில் ஆண்களிடையே நின்று பேசினார், தொழ வந்த பெண்கள் மேல்மாடத்திலிருந்து கேட்டார்கள்.'