கோடையில் சிவப்புத் திரை மாட்டாதீர்கள்

சிங்கப்பூரில் இந்த மாதம் நான் பார்த்த வீடுகளில் பாதி இப்படித்தான்: ஃபெங் சுயி என்ற சீன வீட்டு அமைப்பு மரபின் பருவ அட்டவணையைப் பார்த்துப் பொருள் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். கடைசியாகப் போனது ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. மேற்குப் பார்த்த கூடம், மாலை ஐந்து மணிக்கும் கண் கூசுகிறது. அந்தச் சன்னலுக்கு ரத்தச் சிவப்பில் புதுத் திரை. கீழே வரிசையாகத் தடித்த மெழுகுவத்திகள். ஏற்றாமலேயே வெயிலில் ஒன்று வளைந்து கிடந்தது. "கோடைக்கு நெருப்புதானே சார், அட்டவணை பார்த்துத்தான் வாங்கினோம்" என்றார் வீட்டுக்காரம்மா.

அட்டவணை சரி, வாசித்த விதம்தான் தப்பு. வசந்தத்துக்கு மரம், கோடைக்கு நெருப்பு, இலையுதிர்காலத்துக்கு உலோகம், குளிருக்கு நீர் என்று பருவத்துக்கு ஒரு மூலகத்தை, அதாவது அடிப்படைக் கூற்றை, ஃபெங் சுயி சொல்வது, அந்தந்தப் பருவத்தில் எது ஏற்கெனவே ஓங்கி நிற்கிறது என்பதை. ஓங்கி நிற்பதையே மேலும் வாங்கி வைத்தால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றிய கதைதான். கோடையில் நெருப்பைக் கூட்டக் கூடாது, வடிக்க வேண்டும். நெருப்பு மண்ணைப் பிறப்பிக்கிறது என்பது மரபு; அதனால் மண்ணைக் கொடுத்தால் நெருப்பின் வேகம் தானே இறங்கும். களிமண் நிறத் திரை, இரண்டு சுட்ட மண் ஜாடி, அவ்வளவுதான். நீரை நேராக மோதவிடுவது கடைசி வழி. திரும்பவும் சொல்கிறேன்: பருவத்தின் மூலகம் நீங்கள் வாங்க வேண்டிய பொருளின் பட்டியல் இல்லை!

நம் பஞ்சபூதத்தோடும் இதைக் குழப்பாதீர்கள். இங்கே காற்றும் ஆகாயமும் கிடையாது. மரமும் உலோகமும் உண்டு. மண்ணுக்குத் தனிப் பருவம் இல்லை, ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாள் அதற்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது.

தேதியிலும் அவசரம் வேண்டாம். சீனப் புத்தாண்டன்று எல்லாவற்றையும் இடம் மாற்றுகிறார்கள். பருவம் சூரியனை வைத்துக் கணக்கிடுவது. வசந்தம் பிப்ரவரி 4 வாக்கில், கோடை மே 5 வாக்கில், இலையுதிர்காலம் ஆகஸ்ட் 7 வாக்கில், குளிர் நவம்பர் 7 வாக்கில் தொடங்கும். 2026இல் புத்தாண்டு பிப்ரவரி 17. வசந்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதைவிட முக்கியம், இது நான்கு பருவம் இல்லாத ஊர். முதலில் உங்கள் வீட்டில் வெயில் எங்கே விழுகிறது, சுவர் எங்கே ஈரம் கட்டுகிறது என்று பாருங்கள். அட்டவணை அப்புறம்.

மெழுகுவத்தியைத் திரைக்கு அடியில் வைக்கவே வைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எங்குமே வேண்டாம், மஞ்சள் ஒளி விளக்கு போதும்.

என்னை உறுத்துவது தண்ணீர். நீர் மூலகம் என்று சின்ன நீரூற்று, கண்ணாடிக் குவளையில் அதிர்ஷ்ட மூங்கில். (அது மூங்கிலே இல்லை, ஆப்பிரிக்காவின் டிரசீனா செடி.) மோட்டார் நின்று வாரக்கணக்கான நீரூற்றுகளைக் கூடத்திலேயே பார்க்கிறேன். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். டெங்கியை வீட்டுக்குள் வளர்த்துவிட்டு எந்தச் சமநிலையைப் பேசுவது? தயவுசெய்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுங்கள். கொட்டினால் மட்டும் போதாது, முட்டை குவளையின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வேரையும் குவளையையும் தேய்த்துக் கழுவுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் நீரூற்றைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.