மைக்ரோ ஆர்.என்.ஏ: நுண்ணுயிருடையது அல்ல, குறு

பெருங்குடல் புற்றுநோய் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை 'நுண்ணுயிர் ஆர்.என்.ஏ' ஆக்கிவிடுகிறார்கள். தவறு. அது நம் செல்லே தயாரிப்பது.

மைக்ரோ, 'சிறிய' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. விக்டர் ஆம்ப்ரோஸ் குழு 1993-இல் ஓர் உருளைப்புழுவில் முதலாவதைக் கண்டது. பெயர் வைத்தது 2001-இல். நீளம் ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு, அதாவது ஆர்.என்.ஏ. சங்கிலியின் 22 கண்ணிகள். மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யுமிடத்துக்குக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியில் ஒட்டி, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கும்.

நுண்ணுயிரை விட்டுவிட்டு 'நுண் ஆர்.என்.ஏ' என்றால் போதாதா, நுண்ணோக்கி இருக்கிறதே என்பார்கள். போதாது. நுண்கலை, நுண்ணறிவு என்னும்போது நுண் சுட்டுவது நேர்த்தியை, கூர்மையை. நீளம் குறைந்ததற்குக் குறு இருக்கிறது: குறுந்தொகை, குறுஞ்செய்தி. 'சிறு' என்றும் சொல்ல முடியாது, சிறு ஆர்.என்.ஏ என்பது பெரிய குடும்பம், மைக்ரோ அதில் ஒரு கிளைதான். தொழில்துறை 'குறு, சிறு, நடுத்தர' என்று எப்போதோ பிரித்துவிட்டது. உயிரியலார் அதையாவது பார்த்திருக்கலாம்.

இந்தக் குழப்பம் வேறெங்கும்விடக் குடலில்தான் அதிகம் கெடுக்கும். ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்னும் பாக்டீரியா வாயில் வாழ்வது, பெருங்குடல் கட்டியிலும் குடியேறும். பாக்டீரியாவை உணரும் குடல் செல்லின் டி.எல்.ஆர்.4 ஏற்பியைத் தூண்டி, அந்தச் செல்லின் மிர்-21 என்னும் குறு ஆர்.என்.ஏ.வைப் பெருக்கும். மிர்-21 கூடினால் ஆர்.ஏ.எஸ்.ஏ.1 புரதம் குறையும். செல்லைப் பெருகச் சொல்லும் ராஸ் புரதத்தை அடக்கி வைப்பது அதுதான். அது குறைந்தால் ராஸ் ஓயாது, செல் பெருகிக்கொண்டே போகும். இங்கே 'நுண்ணுயிர் ஆர்.என்.ஏ கூடுகிறது' என்று எழுதினால், பாக்டீரியா தன் ஆர்.என்.ஏ.வை ஏவுவதாகிவிடும். மிர்-21-ஐ அடக்க மருந்து தேடுவது குடல் செல்லுக்குள் நடக்கும் வேலை என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

போதாக்குறைக்கு, அந்தப் பெயருக்கு உரியவை ஏற்கெனவே உண்டு. பாக்டீரியாவின் புரதம் கட்டும் கருவியான ரைபோசோமில் உள்ள 16எஸ் ஆர்.என்.ஏ.தான் மெய்யான நுண்ணுயிர் ஆர்.என்.ஏ, குடலில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதன் மரபணுவை வைத்தே கணக்கெடுக்கிறார்கள். எதிர்த்திசைப் போக்கும் உண்டு: குடல் செல்கள் விடும் குறு ஆர்.என்.ஏ மலத்தில் கிடைக்கிறது, சில பாக்டீரியாக்களுக்குள் புகுந்து அவற்றின் வளர்ச்சியையும் மாற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது.

இதே கை 'குடல் கிருமிகள்' என்றும் எழுதும். கிருமி என்றால் நோய் தருவது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்துப் பியூட்டிரேட் என்னும் கொழுப்பு அமிலத்தைத் தந்து குடல் செல்லுக்கே உணவிடும் பாக்டீரியாவைக் கிருமி என்பது என்ன நியாயம்? குடல்வாழ் நுண்ணுயிர்கள் என்று எழுதலாம்.