பாட்டிலில் வாங்கிய பாக்டீரியா ஏரியைச் சுத்தம் செய்யுமா?

"ஒரு லிட்டர் ஊத்தினா ஏரியில இருக்கிற கெமிக்கல் எல்லாத்தையும் பாக்டீரியா தின்னுடுமாம். வாங்கலாமா சார்?" சேலத்தில் ஏரிப் பராமரிப்பில் இறங்கியிருக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. அந்தத் திரவம் சாக்கடை நாற்றத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். குளோரின் ஏறிய வேதிப்பொருட்களிடம் அதன் பாச்சா பலிக்காது.

மண்ணும் சேறும் சோதிப்பது என் தொழில். திருமணிமுத்தாற்றின் ஓரம் ஒரு குழாயைச் சேற்றில் சொருகி எடுத்தால், மேலே மெல்லிய பழுப்பு. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை வாடையோடு. அந்தக் கறுப்புக்குள் காற்று கிடையாது. டீஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு வேண்டியது காற்றே இல்லாத இப்படிப்பட்ட இடம்தான். ஆக்சிஜன் பட்டால் அது தாங்காது. நாம் ஆக்சிஜனை வைத்து மூச்சு விடுகிறோம். அதற்கு மூச்சே குளோரின் ஏறிய பொருள்தான்.

இரும்புச் சாமான்களின் கிரீஸைப் போக்கவும் டிரை கிளீனிங்குக்கும் பயன்படும் பெர்குளோரோஎத்திலீனில் 4 குளோரின் அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் அதை வெறும் எத்திலீன் ஆக்கிவிடும் இந்தப் பாக்டீரியாவைப் பற்றி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் அறிவித்தார்கள். அது கிடைத்த இடம்? கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு!

வினை எங்கே வருகிறது என்றால், வேலை பாதியில் நிற்கும்போது. இரண்டு குளோரினைக் கழற்றப் பல பாக்டீரியாக்களுக்குத் தெரியும். மிச்சத்தைக் கழற்றுவது பெரும்பாலும் டீஹாலோகாக்காய்டிஸிலேயே சில வகைகளால்தான் முடியும். அவை இல்லாவிட்டால், ஒரே ஒரு குளோரின் மிச்சமிருக்கும் வினைல் குளோரைடு தேங்கும் வாய்ப்பு உண்டு. புற்றுநோய் தருவது என்று உறுதியான பொருள் அது. அதனால் "பெர்குளோரோஎத்திலீன் குறைந்துவிட்டது" என்று ரிப்போர்ட் வந்தால் நான் சந்தோஷப்படுவதில்லை. வினைல் குளோரைடு எவ்வளவு என்றுதான் முதலில் பார்ப்பேன். அதைக் காற்றோடு வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் தின்னும். ஆகவே ஏரியில் காற்றடிக்கும் மிஷினை எடுத்த எடுப்பில் போடுவதா, கடைசியில் போடுவதா என்பதே பெரிய கேள்வி.

ஏற்காட்டில் கதை வேறு. காபிச் செடியின் தண்டு துளைப்பானுக்கு ஒரு காலத்தில் கேமாக்சின் என்று நாம் சொல்லும் பி.எச்.சி.யும் லிண்டேனும்தான் மருந்து. பி.எச்.சி.க்கு 1997இல் தடை வந்தது. லிண்டேன் பயன்பாடு 2013இல் முடிந்தது. இவற்றைச் சிதைக்கும் ஸ்பிங்கோபியம் வகைப் பாக்டீரியாக்கள் நம் நாட்டு மண்ணிலேயே கிடைத்திருக்கின்றன. அவை காற்றோட்டமுள்ள மண்ணில் வேலை செய்பவை. பி.எச்.சி. என்பது காமா, பீட்டா என்று பல வகைகள் கலந்தது; காமா வகைதான் லிண்டேன். தண்ணீர் தேங்கிய மண்ணில் காமா வகை இன்னும் சீக்கிரம் சிதையும். பீட்டா வகைதான் பிடிவாதம். எளிதில் சிதையாது, கொழுப்பில் ஏறும், பாலில் வரும். ஒரே மூட்டையில் வந்த மருந்துக்கே இத்தனை குணம் என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் எப்படிப் போதும்?

ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் பட்டறைக் கழிவோ சாயத் தண்ணீரோ சாக்கடையோ கலக்கும் ஏரி என்றால், வண்டி பூட்டும் முன் சேற்றைச் சோதியுங்கள். தழை, மணி, சாம்பல் சத்து பார்க்கும் வழக்கமான மண் பரிசோதனையில் இந்த வேதிப்பொருட்கள் தெரியாது. கலந்திருக்கும் வேதிப்பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி உள்ள லேப் வேண்டும். சேற்றை பிளாஸ்டிக் கவரில் கட்டித் தராதீர்கள். கண்ணாடி பாட்டிலில், காற்றுக்கு இடமில்லாமல் வாய்வரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். மெல்ல எடுத்துப் போகலாம் என்று விட்டால், பாதி ஆவியாகிப்போய் "ஒன்றுமில்லை" என்று ரிப்போர்ட் வரும். அப்புறம், எஸ்டேட் குடோனில் பழைய கேமாக்சின் மூட்டை கிடந்தால் ஓடையில் கழுவி விடாதீர்கள், புதைக்கவும் வேண்டாம். மூட்டை கிழியாமல் பூட்டி வைத்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள்.