‘அடிமை நாடு’ அன்று, ‘குடியேற்ற நாடு’

“அமெரிக்காவின் 13 அடிமை நாடுகள் 1776இல் விடுதலையை அறிவித்தன” என்னும் தொடரை அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பு நூலில் மறுபடியும் படிக்க நேர்ந்தது. ‘காலனி’ (colony) என்னும் ஆங்கிலச் சொல்லைத்தான் ‘அடிமை நாடு’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். வினாத்தாளிலும் காணொலியிலும் பலமுறை கண்டு சலித்த தொடர்தான் என்றாலும், இம்முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘கொலோனுஸ்’ என்றால் லத்தீனில் உழவன். ரோமானியர் தாம் வென்ற நிலத்தில் ஓய்வுபெற்ற படைவீரரைக் குடியமர்த்திய ஊர் ‘கொலோனியா’ எனப்பட்டது. ஜெர்மனியின் கொலோன் நகரம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. ‘காலனி’ அதன் வழிவந்த சொல்.

‘அடிமை நாடு’ என்பது நம் விடுதலைப் போராட்ட மேடைகளில் பிறந்த வழக்கு. ஆளப்பட்டவர்களின் வேதனையைச் சொல்ல அங்கே அது பொருந்தியது. அந்தப் பதின்மூன்றில் ஒன்றான வர்ஜீனியாவுக்கு அது எப்படிப் பொருந்தும்? 1606இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரிடம் பட்டயம் பெற்ற வர்ஜீனியா கம்பெனி, பங்குதாரர்களின் பணத்தில் ஆட்களைக் கப்பலேற்றி, 1607இல் ஜேம்ஸ்டவுனில் இறக்கியது. தேடி வந்த தங்கம் கிடைக்கவில்லை. பின்னர்ப் புகையிலை கைகொடுத்தது. அதைப் பயிரிடப் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்களின் நிலம் பறிபோனது; 1619 முதல் ஆப்பிரிக்கர்கள் அங்கே கொண்டுவந்து விற்கப்பட்டார்கள். விடுதலை அறிக்கையை வரைந்த தாமஸ் ஜெபர்சனே நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த வர்ஜீனியப் பண்ணையார். அவரை அடிமை நாட்டின் குடிமகன் என்று எழுதினால், உண்மையில் அடிமையாகக் கிடந்தவர்களுக்கு நம்மிடம் எந்தச் சொல் மிஞ்சும்?

தென் அமெரிக்காவில் ஸ்பானியர் ஆண்ட சுரங்க நகரமான பொட்டோசியின் நிலை வேறு என்று சிலர் வாதிடுவர். 1545இல் அங்கே வெள்ளி கண்டறியப்பட்ட பின், ஆண்டிஸ் மலை மக்கள் முறைவைத்துச் சுரங்கங்களுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டனர் என்பது மறுக்க முடியாத கொடுமை. ஆனால் அந்தக் கொடுமைக்கு வழியமைத்ததும் குடியேற்றமே: 1535இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ பெருவில் லிமாவை நிறுவியதைப் போல் ஸ்பானியர் முதலில் நகரம் அமைத்தனர், வந்தமர்ந்தவர்களில் முதன்மையானோருக்குப் பூர்வகுடிகளின் உழைப்பையும் திறையையும் பெறும் உரிமையைப் பங்கிட்டுக் கொடுத்தனர்.

ஆகவே ‘குடியேற்ற நாடு’ என்பதே தகும். குடி ஏறுவது, குடியை ஏற்றுவது ஆகிய இரண்டையும் ‘குடியேற்றம்’ ஒரு சேரத் தாங்குகிறது. 1620இல் தம் சமயநெறிப்படி வாழ வேண்டிப் பிளிமத்தில் இறங்கிய மேஃபிளவர் கப்பல் பயணிகளும் அதில் அடங்குவர், அவர்களுக்கு முதலீடு செய்து ஆதாயம் எதிர்பார்த்த லண்டன் வணிகர்களும் அடங்குவர். ஆங்கிலேயரே இவ்வூர்களை ‘நடவு’ என்று பொருள்படும் ‘பிளாண்டேஷன்’ என்னும் சொல்லால் அழைத்தார்கள்; ரோட் ஐலண்டு மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பெயரில் அச்சொல் 2020 வரை நீடித்தது. ‘காலனி’ என்றே எழுதிவிடலாம் என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் அச்சொல்மீது சாதி ஒடுக்குமுறையின் நிழல் படிந்துள்ளது, அதனாலேயே அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

வேலை தேடி இன்னொரு நாட்டுக்குச் செல்வதையும் செய்தித்தாள்கள் ‘குடியேற்றம்’ என்றே எழுதுவதால் குழப்பம் வரும் என்பது மட்டுமே நியாயமான தடை. அதற்கு இலங்கைத் தமிழர் ‘குடிவரவு’ என்னும் சொல்லை நெடுங்காலமாக அரசு அலுவலகப் பெயர்ப்பலகையிலேயே வைத்திருக்கிறார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அதை எடுத்துக்கொள்ள ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.